ஆளோ வீண்

வா மாப்ளே, உக்காரு. டிக்கெட்டு போட்டாச்சாமே? அக்டோபர் 20-ஆம் தேதி ஏறுனா பொங்கல் கழிச்சுத்தான் எறக்கமாம். டீக்கடையில இருக்கவன் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கிட வேண்டியிருக்கு. அக்கா புருசன்கிட்டச் சொல்ல ஒனக்கு வாய் வரல. போகட்டும். இப்பவும் சொல்லிட்டுப் போகவா வந்திருக்க? என் கம்பளிச் சட்டையை எரவல் கேக்க வந்திருக்க. தாறேன், பீரோவுல பாச்சா உருண்டை போட்டு வச்சிருக்கேன். ஆனா சட்டையோட கொஞ்சம் புத்தியும் சேத்துத்தான் தருவேன். தனியாத் தாறதில்ல.

அங்க குளிரும், குழாயைத் திருகுனா வெந்நி வரும், கதவு தானாப் பூட்டிக்கிடும், தெருவுல துப்பக்கூடாதுன்னு ஊருல பாதிப்பேரு ஒனக்குச் சொல்லியிருப்பாக. அதெல்லாம் ஒம் மகன் பாத்துக்கிடுவான். நான் சொல்லப்போறது ஒரே ஒரு நாளைப் பத்தி. அக்டோபர் 31. அந்த ஒரு நாளைச் சூதானமாத் தாண்டிட்டேன்னா மிச்ச மாசத்தையெல்லாம் தூங்கியே கழிச்சிரலாம்.

அதுக்குப் பேரு ஹாலோவீன். எம் மக அப்பிடித்தான் சொன்னா. ஒங்கக்கா வாயில அது நொழையல. 'ஆளோ வீண், ஆளோ வீண்'ன்னு வீட்டைச் சுத்திச் சுத்தி வந்தா. என்னையத்தான் சொல்றாளோன்னு ரெண்டு நாளு வாயைத் தொறக்காம இருந்தேன். நாப்பத்தாறு வருசமா அவ மனசுல இருக்கதுதான?

நாங்க போனது 2024-ல. நியூ ஜெர்சியில எடிசன்னு ஒரு ஊரு. நம்மாளுக மலிஞ்ச ஊரு, முருங்கைக்காய்க்குக்கூட பஞ்சமில்ல. போய் எறங்கி ஒரு வாரம் இருக்கும், வாசல்ல பாத்தா கதவு, சன்னல், செடி எல்லாத்துலயும் ஒட்டடை. ரெண்டு பேரும் வேலைக்கு ஓடுறவுக, வீட்டைக் கூட்ட நேரமில்ல போலிருக்குன்னு ஒங்கக்கா ஒரு குச்சியைத் தேடி எடுத்து சுத்தமா அடிச்சு எறக்கிட்டா. மக வந்து பாத்துட்டுத் தலையில கை வச்சுட்டா. அது காசு குடுத்து வாங்குன ஒட்டடையாம்! பொட்டலத்துல விக்கிறாக. நாம ஒட்டடை அடிச்சுட்டுத் தீவாளி கும்பிடுவோம், அவுக ஒட்டடை ஒட்டிட்டுக் கும்பிடுறாக. அதனால கேட்டுக்க: அக்டோபர் மாசத்துல அங்க எதையும் சுத்தம் பண்ணாத. ஒனக்கு அது ஒண்ணும் செரமமில்ல.

எனக்கு நேந்தது அதைவிடக் கேவலம். ஒருநாள் விடியக்காலம் பாக்கேன், எதுத்த வீட்டுப் புல்லுல மூணு கல்லறை. முந்தின நாள் சாயங்காலம் கெடையாது. ஒரே ராத்திரியில மூணு சாவா? பக்கத்து வீடு, போகாம இருந்தா மொறையில்ல. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டுத் துட்டி கேக்கக் கெளம்பிட்டேன். வீட்டுக்காரப் பெரியவரு மரத்துல ஒரு வெட்டுன கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு நிக்காரு. ரெண்டு கையையும் நீட்டுனேன், அவரும் பிடிச்சாரு. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கேன், அவரு சிரிச்ச மொகமா கையைக் குலுக்கோ குலுக்குன்னு குலுக்குறாரு. துக்கம் தலைக்கேறிட்டுன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சேன். பெறகு எம் மக ஓடி வந்து மீட்டுட்டுப் போனா.

அந்தத் தெருவுல இருந்ததுலயே அதுதான் சின்னச் சோடனை. முக்குவீட்டுல 12 அடி எலும்புக்கூடு நின்னுச்சு. 2020-லதான் அது கடைக்கு வந்துச்சாம், வெலை 300 டாலருக்கு ஒரு டாலர் கம்மி. அதைக் குளிர்காலத்துல எங்க வைப்பாகன்னு கேட்டேன், யாருக்கும் பதில் தெரியல. மருமகப்பிள்ளை படிச்சுச் சொன்னாரு: 2023-ல இந்த ஒரு பண்டிகைக்கு அமெரிக்கா பூராவும் 1,220 கோடி டாலர் செலவாகும்னு வியாபாரிக சங்கம் கணக்குப் போட்டிருந்துச்சாம். பேய்க்குச் செலவு பண்றதுல நாமதான் கெட்டிக்காரவுகன்னு நெனச்சிருந்தேன். கோடாங்கிக்கு நாம குடுத்ததெல்லாம் ஒரு காசா.

பூசணிக்காய்க் கதையைச் சொல்லணும். ஒரு ஞாயித்துக்கிழமை மருமகப்பிள்ளை எல்லாரையும் வண்டியில ஏத்திக்கிட்டு ஒரு தோட்டத்துக்குப் போனாரு. வாசல்ல ஆளுக்கு இம்புட்டுன்னு காசு. உள்ள போனா மஞ்சப் பூசணி தரையெல்லாம் கெடக்கு. நாமளே குனிஞ்சு, தூக்கி, தள்ளுவண்டியில போட்டு, மண்ணுல இழுத்துட்டு வரணும். வந்த பெறகு அந்தக் காய்க்கும் காசு. மாப்ளே, காய் பறிக்கிற ஆளுக்கு நாம கூலி குடுப்போம், டீ வாங்கிக் குடுப்போம், பொழுதுக்கும் பின்னாலயே நிப்போம். அங்க பறிக்க வாறவன் காசு குடுத்துட்டுப் பறிக்கான்! அந்தச் சம்சாரி உக்காந்திருந்த திக்கைப் பாத்து ஒரு கும்பிடு போட்டேன். நம்ம ஊருல உளுந்து பிடுங்க ஆளு கெடைக்காத வருசம் இதைச் செஞ்சு பாத்தா என்னன்னு ஒரு யோசனை ஓடிக்கிட்டிருக்கு. வாசல்ல நீ நின்னு டிக்கெட்டு கிழி.

அந்தக் காயில மூக்கு, முழி, பல்லெல்லாம் வெட்டி, உள்ள விளக்கு வைக்காக. உள்ள இருக்க சதையையும் விதையையும் வழிச்சுக் குப்பையில போடுறதைப் பாத்து ஒங்கக்காவுக்குப் பொறுக்கல. அள்ளிட்டுப் போய் புளிக்கொழம்பு வச்சா. வாயில வைக்க முடியல. மூஞ்சி வெட்டுறதுக்குன்னே வளக்குற சாதியாம், தண்ணியும் நாருமா இருந்துச்சு. "இது நம்ம திருஷ்டிப் பூசணிதான"ன்னா. அதேதான். நாம மீசை வச்ச பூதத்தை வரைஞ்சு புதுக் கட்டடத்துல தொங்கவிட்டு, அமாவாசைக்கு நடுரோட்டுல ஒடைச்சு, பைக்குல வாறவனை வழுக்கி விடுறோம். அவுக ஒடைக்கிறதில்ல, வாசப்படியிலயே வச்சு அழுக விடுறாக. பாதி மொகத்தை அணிலு தின்னுட்டுப் போயிருது. மருமகப்பிள்ளை ரெண்டு மணி நேரம் குனிஞ்சு கெடந்து வெட்டுன பல்லை ஒரு அணிலு மறுநா காலையில அரை மணி நேரத்துல பிடுங்கிருச்சு.

துட்டி கேட்டேன்ல, அந்தப் பெரியவரு பெறகு நமக்குச் சேக்காளியாயிட்டாரு. சாயங்காலமானா ரெண்டு பேரும் அவரு வீட்டுப் படியில உக்காந்திருப்போம். அவரு பேசுறது எனக்குப் புரியாது, நான் பேசுறது அவருக்குப் புரியாது, அதனால ஒரு சண்டை கெடையாது. மக நடுவுல உக்காந்து மொழி மாத்திச் சொல்ற அன்னைக்கு மட்டும்தான் விசயம் தெரியும். அவுக முப்பாட்டன் அயர்லாந்துக்காரராம். 1845-ல அங்க உருளைக்கிழங்கு வெள்ளாமையில நோவு விழுந்து, செடியெல்லாம் அழுகி, பத்து லட்சம் சனம் செத்துருக்கு. இன்னொரு பத்து லட்சத்துக்கு மேல கப்பலேறிருக்கு. நான் நம்ம தாது வருசப் பஞ்சத்தைச் சொன்னேன். அவரு எதையோ சொல்ல வந்தவரு சொல்லல. கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.

அப்பிடி வந்தவுக கொண்டாந்ததுதான் இந்தக் கூத்து. அங்க ஆதியில பூசணி கெடையாது. டர்னிப்புன்னு, முள்ளங்கிக்குச் சித்தப்பன் மவன் மாதிரி ஒரு கெழங்கு, அதைத்தான் குடைஞ்சு விளக்கு வச்சிருக்காக. அமெரிக்காவுக்கு வந்தா பூசணி சும்மா கெடக்கு, பெருசாவும் இருக்கு, குடையவும் லேசு. மாறிட்டாக. அந்த விளக்குக்கும் ஒரு கதை. ஜாக்குன்னு ஒரு எமகாதகப் பய பிசாசையே ஏமாத்தி, 'ஒன் உயிரை எடுக்கமாட்டேன்'னு சத்தியம் வாங்கி வச்சுக்கிட்டானாம். செத்துப் போனான். மேல போனா, ஒன் யோக்கியதைக்கு எடமில்லன்னுட்டாக. கீழ போனா, 'சத்தியம் பண்ணியிருக்கேன்ல, உள்ள விடமுடியாது'ன்னுட்டுது பிசாசு. இருட்டுல போக ஒரு கங்கை மட்டும் எடுத்துக் குடுத்துச்சு. டர்னிப்புக்குள்ள அந்தக் கங்கை வச்சுக்கிட்டு இன்னமும் அலையுறானாம். நம்ம கம்மாக்கரைக் கொள்ளிவாய்ப் பிசாசுதான் மாப்ளே, கப்பலேறிப் பேரு மாத்திக்கிட்டான். வாங்குன கைமாத்தைத் திருப்பிக் குடுக்காதவுக கதியும் இதுதானான்னு அவருகிட்டக் கேட்டேன். ஒன்னைய மனசுல வச்சுக் கேக்கல.

நவம்பர் 1 புனிதருக எல்லாருக்கும், 2 செத்தவுக எல்லாருக்கும். அந்த 1-ஆம் தேதிக்கு முந்தின ராத்திரி இது. நம்ம காமநாயக்கன்பட்டிக்காரவுக 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்தி மாலை போடுறாகல்ல? மெழுகுவத்தி இந்தக் கரையில எறங்கிருச்சு, மிட்டாய் அந்தக் கரையில எறங்கிருச்சு.

இனி அந்த நாளுக்கு வாறேன். 2024-ல பஞ்சாங்கம் ஒரு குசும்பு பண்ணிருச்சு. தீவாளியும் அதே அக்டோபர் 31, வியாழக்கிழமை. ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூயார்க்குல பள்ளிக்கூடங்களுக்கு அந்த வருசந்தான் மொத மொதலா தீவாளி லீவு விட்டாக, அதுவும் மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்களுக்கு அந்த வியாழக்கிழமை பள்ளிக்கூடமும் உண்டு, ஆபீசும் உண்டு. ஆளோ வீணுக்கும் அங்க லீவு கெடையாது. 1,220 கோடி டாலர் செலவழிக்கிறவன் ஒரு நாள் லீவு குடுக்கமாட்டேங்கான் பாத்துக்க.

கூத்து புதன்கிழமை ராத்திரியே ஆரம்பிச்சிருச்சு. பேரனுக்கு ஏழு வயசு. அவனுக்கு டைனோசர் வேசம் வாங்கி வச்சிருந்தாக. உள்ள ஒரு குட்டி விசிறி, பேட்டரியில ஓடும்; போட்டுக்கிட்டா காத்து ரொம்பி, பயலைவிட மூணு மடங்கு உசரத்துக்கு நிக்கும். மணி 9 இருக்கும், மக செல்லைப் பாத்துக்கிட்டிருந்தவ அப்பிடியே தரையில உக்காந்துட்டா. பள்ளிக்கூடத்துக் கடுதாசி. காத்து ரொப்புற வேசம் கூடாது. முகமூடி கூடாது. பொம்மைக் கத்தி, துப்பாக்கி கூடாது. ரத்தம் கூடாது. அந்தக் கடுதாசி வந்து ஒன்பது நாளாச்சாம். இவ அன்னைக்குத்தான் தொறந்து பாக்கா. பேய்த் திருநாளுக்கு இம்புட்டுக் 'கூடாது'! நம்ம சுடலைமாடன் அங்க போனா அருவாளை ஆபீஸ் ரூமுல ஒப்படைச்சுட்டுத்தான் ஆடணும்.

புருசனும் பொண்டாட்டியும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டாக. அந்தப் பார்வை ஒனக்குத் தெரியும். 'நீ படிக்கலியா', 'நீ படிக்கலியா', அம்புட்டுத்தான், சத்தமில்லாம. பய ஒரு மூலையில நின்னு தேம்புறான். நான் மெள்ள என் பெட்டியைத் தொறந்தேன். எட்டு முழ வேட்டியை நாலா மடிச்சு, கால்சட்டைக்கு மேல சுத்தி, பெல்ட்டைப் போட்டு இறுக்கி, நாலு எடத்துல ஊக்கு குத்துனேன். தோள்ல துண்டு. ஒங்கக்கா கண்மையை எடுத்து மீசையை முறுக்கிவிட்டு, நெத்தியில திருநீத்தைப் பூசுனா. கண்ணாடியில பாத்தான். "நான் யாரு?"ன்னான். "சம்சாரி"ன்னேன். சிரிச்சுட்டான். எட்டு முழ வேட்டிக்கு அன்னைக்குத்தான் மாப்ளே ஒரு மருவாதி கெடைச்சுச்சு.

வியாழக்கிழமை காலையில நாலரைக்கு எந்திரிச்சு எண்ணெய் தேய்ச்சாச்சு. அங்க குளிக்கிற தொட்டி வழவழன்னு இருக்கும். அதுல நல்லெண்ணெய் தேய்ச்ச பிள்ளையை நிறுத்துனா அயிரை மீனைக் கையில பிடிச்ச கணக்குத்தான். ஒங்கக்கா எண்ணெய்ச் சட்டியை அடுப்புல வச்சா. அங்க உத்தரத்துல ஒரு பெட்டி இருக்கு, கொஞ்சம் புகை பட்டா ஊரையே கூப்பிடும். அதிரசம் ரெண்டாவது ஈடு போடும்போது கூப்பிட்டுருச்சு. நான் ஸ்டூல்ல ஏறித் துண்டை வச்சு வீசுறேன், மருமகப்பிள்ளை சன்னலைத் தொறக்காரு, வெளியில இருந்து குளிரு கும்முன்னு உள்ள வருது. எம் மக காதுல ஒரு குமிழை மாட்டிக்கிட்டு ஆபீசுக்குப் பேசிக்கிட்டே சாரணியால அதிரசத்தைத் திருப்புறா. "எஸ், எஸ், முடிஞ்சிரும்"ங்கா. அதிரசத்துக்குச் சொன்னாளா, அதிகாரிக்குச் சொன்னாளா, கடவுளுக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பாத்து பேத்தி எந்திரிச்சு வந்தா. நாலு வயசு. ஆகஸ்டு மாசத்துல இருந்தே எல்சா வேசம், எல்சா வேசம்னு உசிரை எடுத்து, நீலச் சட்டையும் சவுரி முடியும் வாங்கி வச்சிருக்கு. கண்ணைக் கசக்கிக்கிட்டு, "நான் பூனை"ங்கா. மக கெஞ்சுறா, மருமகன் அந்தச் சட்டை வெலையைச் சொல்றாரு. நாலு வயசுப் பிள்ளைகிட்ட வெலையைச் சொல்ற மனுசனை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். ஒங்கக்கா கண்மைக் கையோடயே வந்தா. மூக்குல ஒரு பொட்டு, கன்னத்துக்கு மூணு கோடு. முடிஞ்சது சோலி. "மியாவ்"ன்னுட்டு இட்டிலி திங்க உக்காந்துட்டா. நீலச் சட்டை இன்னமும் அங்க அலமாரியில தொங்குது.

மத்தியானம் ரெண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துல ஊர்கோலம். மருமகப்பிள்ளை ஆபீசுல பல் டாக்டரைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தாரு. வந்து வேலியோரமா நின்னா, பக்கத்துல அவரு மேலதிகாரி. அவரும் டாக்டரைப் பாக்க வந்தவருதானாம். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பல்லைக் காட்டிக்கிட்டாக. பிள்ளைக வரிசையா வந்து மைதானத்தை ஒரு சுத்து சுத்துனாக. எட்டு எல்சா, ஏழு ஸ்பைடர்மேன், கணக்கில்லாத சூனியக்காரிக. அதுக்கு நடுவுல ஒரே ஒரு சம்சாரி, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நெஞ்சை நிமித்தி வாறான். பத்து நிமிசம். ரெண்டு மாசப் பாடு பத்து நிமிசத்துல முடிஞ்சுபோச்சு. நம்ம ஊருத் தேரு நெலைக்கு வர ஏன் நாள்பூரா எடுத்துக்கிடுதுன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது.

சாயங்காலம்தான் பெரிய வேட்டை. அங்க ஆறு மணிக்குள்ள பொழுது அடைஞ்சிரும். நவம்பர் மொத ஞாயித்துக்கிழமை ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வைக்கும். 2007-க்கு முன்னால அக்டோபர்லயே தள்ளிருவாகளாம். இப்பத் தள்ளிப்போட்டதுல பிள்ளைகளுக்கு அன்னைக்கு ஒரு மணி நேர வெளிச்சம் லாபம். இருந்தாலும் குளிரு குளிருதான். வேசத்துக்கு மேல கோட்டைப் போட்டா வேசம் தெரியாது, போடலன்னா சளி. இந்த வழக்கு அந்த நாட்டுல வீட்டுக்கு வீடு ஓடும். எங்க வீட்டுல அம்மாக்காரி ஜெயிச்சா. பூனை கோட்டுக்குள்ள போயிருச்சு. பேரன் டைனோசரைப் போட்டுக்கிட்டான், தெருவுல எந்தக் கடுதாசியும் செல்லாது.

ஆத்தாளும் அப்பனும் பின்னாலயே போனாக. கையில டார்ச்சு, தண்ணிப் போத்தலு, கழட்டிப் போட்ட வாலு, மிட்டாய் வாளி ரெண்டு. மூணாவது தெருவுல பேட்டரி தீந்துபோச்சாம். டைனோசர் புஸ்ஸுன்னு எறங்கி, போர்வையை இழுத்துக்கிட்டு வாற சீக்காளி மாதிரி வந்து சேந்தான். பூனை ஆறு வீட்டோட இடுப்புக்கு ஏறிருச்சு. இந்த ஓட்டத்துல எனக்கும் ஒங்கக்காவுக்கும் என்ன வேலைங்க? வாசல்ல உக்காந்து வாற பிள்ளைகளுக்கு மிட்டாய் போடுறது. மாப்ளே, அடிச்சுப் பிடிச்சு அந்த வேலையை வாங்கிக்க. 'நானும் கூட வாறேன்'னு வீராப்புக் காட்டுனேன்னு வையி, வாலைத் தூக்கிட்டு வாற வேலை ஒனக்கு வந்து சேரும்.

அதுல ஒரு சட்டம் இருக்கு. வாசல் விளக்கு எரிஞ்சா வரலாம், அணைஞ்சிருந்தா வரக்கூடாது. அந்த ஊருப் பேய்க்கு விளக்குன்னாத்தான் தைரியம். நான் மொத நாளே கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் குண்டானுல ரொப்பி வச்சிருந்தேன். நாலு கிலோ தூக்கிட்டுப் போனதுல. 2020-ல புவிசார் குறியீடு வாங்குன மிட்டாய்யா, சும்மாவா? மக பாத்துட்டுப் பாம்பைப் பாத்தவ மாதிரி குண்டானைப் பிடுங்கிட்டா. சில பிள்ளைகளுக்குக் கடலை ஆகாதாம். ஒரு துண்டு தின்னா தொண்டை வீங்கி உசிருக்கே ஆபத்தாயிரும். அதுல கேலி பேச எனக்கு நாக்கு வரல. அந்தப் பிள்ளைகளுக்காகவே சில வீட்டு வாசல்ல நீலப்பச்சைச் சாயம் அடிச்ச பூசணி வச்சிருக்காக. அங்க திங்கிறதுக்குப் பதிலா பென்சிலு, ஸ்டிக்கர்னு கெடைக்கும். 2014-ல இருந்து நாடு பூராவும் பரவுன பழக்கமாம். அவுக மிட்டாயிலயும் கடலை இருக்கு, ஆனா பொட்டலத்துல எழுதியிருக்கு. என் மிட்டாய்ல என் மொகந்தான் எழுதியிருந்துச்சு. நாலு கிலோவையும் நானே தின்னு தீக்க வேண்டியதாப் போச்சு. அந்தக் கஷ்டத்தை யாருகிட்டச் சொல்ல.

பிள்ளைக வந்து 'ட்ரிக் ஆர் ட்ரீட்'டுன்னு கத்தும். குடுக்கியா, குறும்பு பண்ணவான்னு மெரட்டுறதாம். என்னதான் பண்ணும் பாப்போம்னு ஒரு பிள்ளைக்கு நான் குடுக்காம இருந்து பாத்தேன். 'தேங்க்யூ'ன்னு சொல்லிட்டு எறங்கிப் போகுது! மெரட்டத் தெரியாத பிள்ளைகளை மெரட்ட அனுப்பி வச்சிருக்காக. கூப்பிட்டு ரெண்டு கை போட்டேன். அது தப்பு, நீ செய்யாத. மொத அரை மணி நேரம் ஆளுக்கு ஒண்ணுன்னு கையை இறுக்கு. நான் தாராளமா அள்ளிப் போட்டு ஏழே காலுக்கெல்லாம் குண்டானு காலி, ஒங்கக்கா உள்ள ஓடி மகளோட சமையல்கட்டைக் கொள்ளையடிச்சு வந்தா. எட்டு மணிக்கு மேல மீசை மொளைச்ச பயலுகளும் தலையணை ஒறையைத் தூக்கிக்கிட்டு வருவானுக, வேசம்கூட இருக்காது. கேள்வி கேக்காமப் போட்டுரு. நீயும் நானும் எந்த வயசு வரைக்கும் பெருமாள் கோயில் வரிசையில ரெண்டு தடவை நின்னு சுண்டல் வாங்குனோம்?

நான் வழக்கம்போலத்தான் உக்காந்திருந்தேன். வேட்டி, துண்டு, திருநீறு, இந்த மீசை. வாற தாய் தகப்பனெல்லாம் என்னையப் பாத்துட்டு, "ஆகா, பிரமாதமான வேசம்"ங்காக. ரெண்டு பேரு கூட நின்னு போட்டோ எடுத்தாக. வேசம் இல்லைன்னு சொல்ல எனக்கு மொழி ஏது? தலையை ஆட்டுனேன். அப்ப ஒரு பொடியன் வந்தான், ஸ்பைடர்மேன். என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு மொகத்தைச் சுளிச்சு என்னமோ சொன்னான். அந்நேரம் வீட்டுக்கு வந்த மக சிரிச்சு சிரிச்சு மூச்சு வாங்கிச் சொன்னா: "அப்பா, இந்த வேசத்தை இன்னைக்கு எங்க கிளாசுல ஒருத்தன் போட்டுட்டு வந்தான், நீங்க அவனைப் பாத்துக் காப்பியடிச்சுட்டீங்கங்கான்."

ஒரு பிள்ளை மட்டும் மிட்டாய் வாளியோட ஆரஞ்சு நெறத்துல ஒரு அட்டைப் பெட்டியும் வச்சிருந்தா. அதுல சில்லறை போடணும். இல்லாதப்பட்ட பிள்ளைகளுக்கு யுனிசெஃப்புக்குப் போகுமாம், 1950-ல பிலடெல்பியாவுல தொடங்குன பழக்கம். அவளைப் பாத்ததும் எனக்குக் குலசேகரப்பட்டினம் நெனப்பு வந்துருச்சு மாப்ளே. முத்தாரம்மனுக்கு நேந்துக்கிட்டு, காப்புக் கட்டி வெரதம் இருந்து, நான் கொரங்கு வேசம், நீ கெழவி வேசம். ஊரு ஊரா வீட்டு வீட்டு வாசலா நின்னு காணிக்கை வாங்குனோம்ல? சூரசம்ஹாரத்து ராத்திரி கடக்கரையில எம்புட்டுக் கூட்டம். வாங்குன காசைப் பூரா உண்டியல்ல கொட்டுனோம். நான் பூராத்தையும் கொட்டுனேன். நீ அன்னைக்குத் திரும்பி வாற வழியில புரோட்டா வாங்கிக் குடுத்தியே, அந்தக் காசு எதுன்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல. இப்பவும் கேக்கல.

பிள்ளைக வீடு வந்து சேந்ததும் மிட்டாயைத் தரையில கொட்டிப் பரப்புனாக. நம்ம சாத்தூரு சந்தை தோத்துது. 'ரெண்டு கிட்காட்டு தாறேன், ஒரு ஸ்நிக்கர்ஸ் குடு'ன்னு பேரன் பேரம் பேசுறான், பூனை கண்ணைப் பொத்திக்கிட்டு ஏமாறுது. மக ஒவ்வொண்ணையும் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கா. இழுவையா இருக்க மிட்டாய்ல மாட்டு எலும்புலயும் பன்னித் தோலுலயும் காய்ச்சுன பசை இருக்கலாமாம், அதெல்லாம் தனியாப் போச்சு. ஒங்கக்கா அதுக்கு முன்னாலயே மூணு தின்னுருந்தா. நான் காட்டிக் குடுக்கல. ஒம்பது மணிக்கு வாசல்ல கம்பி மத்தாப்பு ரெண்டு கட்டு கொளுத்துனோம். அங்க வெடி போடக்கூடாது. சிவகாசியில இருந்து கூப்பிடு தூரத்துல பொறந்தவன், சத்தமில்லாத தீவாளியைக் கும்பிட்டேன். பூனை மத்தாப்பைப் பிடிச்ச கையோட நின்னுக்கிட்டே தூங்கிருச்சு.

பிள்ளைக படுத்த பெறகு தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்தேன். சமையல்கட்டு இருட்டுல மருமகப்பிள்ளை பேரனோட வாளிக்குள்ள கையை விட்டுக்கிட்டு நிக்காரு. என்னையப் பாத்ததும் திருதிருன்னு முழிச்சாரு. "வரி மாமா"ன்னாரு. பெத்தவுக ராத்திரியில எடுத்துக்கிடுறதுக்கு அங்க அதுதான் பேராம், வீட்டுக்கு வீடு வழக்கமாம். கூட்டிட்டுப் போனது, கோட்டு சுமந்தது, வாலு சுமந்தது, எல்லாத்துக்கும் வரி. நல்ல மிட்டாயாப் பாத்து எடுக்கணும், எண்ணிக்கை தெரியாத பிள்ளைகிட்டக் கூடுதலா எடுக்கலாம். எனக்கும் ரெண்டு நீட்டுனாரு. ரெண்டு பேரும் விளக்குப் போடாம நின்னு தின்னோம். பல்செட்டுல ஒட்டிக்கிட்டது வெள்ளிக்கிழமை மத்தியானந்தான் விட்டுச்சு.

இந்தா சட்டை. பித்தான் ஒண்ணு இல்ல, தச்சுக்க. போகும்போது வேட்டி ரெண்டு கூடுதலா எடுத்து வையி, பேரன்களுக்கு எந்நேரமும் தேவைப்படும். ஒன் ஆடுகளை யாரு பாப்பான்னு அக்காகிட்டக் கவலைப்பட்டியாமே? எங்கிட்ட விட்டுட்டுப் போ. பன்னெண்டு உருப்படிதான, எங் கொட்டத்துல எடம் இருக்கு. பொங்கல் கழிச்சு வந்து எண்ணிப் பாக்கும்போது கெடா ஒண்ணு கொறைஞ்சா சத்தம் போடாத. நடுவுல தீவாளி வருது, வரி உண்டு.